வங்கத்தின் ஜன்னல்: கைப்பேசிவழி ஆங்கிலத்தின் கதை

நாம் அன்றாடம் வழங்கும் 'ஜன்னல்', போர்ச்சுக்கீசிய 'ஜனேலா'விலிருந்து வந்த சொல். சாளரம் என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருந்தும், கடல் கடந்து வந்த சொல்லே வீடுகளில் நிலைத்துவிட்டது. அதே போர்ச்சுக்கீசியச் சொல் வங்காளத்தில் 'ஜானாலா' ஆயிற்று. 2009 நவம்பரில், கைப்பேசி வழியே ஆங்கிலம் கற்பிக்க வங்கதேசத்தில் தொடங்கப்பட்ட திட்டத்திற்கு 'பிபிசி ஜானாலா' என்றே பெயர் சூட்டினார்கள். அயல்மொழி கற்பிக்க வந்தவர்கள் கற்போரின் வீட்டுச் சொல்லொன்றைத் தேர்ந்தது பொருள் பொதிந்த செயல்.

ஏனெனில், அது மொழிக்காகக் குருதி சிந்திய மண். 1952 பிப்ரவரி 21 அன்று, வங்காளத்திற்கு அரச மொழித் தகுதி கேட்ட மாணவர்கள் டாக்காவில் சுடப்பட்டனர். 1956இல் பாகிஸ்தான் அரசமைப்பு அத்தகுதியை ஏற்றது. 1971இல் தனிநாடே பிறந்தது. அரசு அலுவல்களில் வங்காளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 1987இல் வந்தது. ஆயினும் மேற்படிப்பு, ஏற்றுமதி, அயல்நாட்டு வேலை ஆகியவற்றின் வாயில்களில் ஆங்கிலமே காவல் நின்றது. நகரத்து வசதி படைத்தோர் அதைப் பள்ளிக் கட்டணம் கொடுத்து வாங்கினர். மற்றவர்களுக்கு என்ன வழி என்பதே கேள்வி.

கருவி கொண்டு மொழி கற்பித்தல் புதிதன்று. 1901இல் லண்டனில் தோன்றிய லிங்குவாஃபோன் நிறுவனம் ஒலிப்பதிவுகளை விற்றது. 1943இல் பிபிசி, வானொலிவழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு ஒலிபரப்பு நேரத்தில் காத்திருக்க வேண்டும். ஜானாலா இவ்விரண்டு தடைகளையும் குறைக்க முயன்றது. 3000 என்ற எண்ணை அழைத்தால் மூன்று நிமிடப் பாடம் ஒலித்தது. கைப்பேசி நிறுவனங்கள் அழைப்புக் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தன. இணையம் வேண்டியிருக்கவில்லை, விலையுயர்ந்த கருவியும் வேண்டியிருக்கவில்லை. விளக்கம் வங்காளத்தில் அமைந்தது. 'புரோதோம் ஆலோ' நாளிதழ் பாடங்களை அச்சிட்டது, தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது.

பிரிட்டன் அரசு நிதியளித்த 'இங்கிலீஷ் இன் ஆக்‌ஷன்' என்னும் பெருந்திட்டத்தின் ஒரு பகுதியே இது. அதன் மற்றொரு பகுதி பள்ளிகளை நோக்கியது. முதலில் ஆசிரியர்களுக்கு ஐபாட் கருவிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் பாடங்களும் பயிற்சிக் காணொளிகளும் அடங்கிய நினைவக அட்டையைச் சாதாரணக் கைப்பேசியில் செருகிக் கொடுத்தார்கள். மின்சாரத்தை நம்ப முடியாத ஊர்களுக்கு, மின்னேற்றம் செய்துகொள்ளும் ஒலிபெருக்கியும் உடன் சென்றது. விலை உயர்ந்த கருவியிலிருந்து எளிய கருவிக்கு இறங்கி வந்ததே இவ்வரலாற்றின் சிறப்பு என்பேன். புதுமையைக் காட்டிலும் எட்டும் தொலைவே கற்போர்க்கு முக்கியம்.

குறைகளும் உண்டு. அழைப்புக்குச் சிறுதொகையேனும் செலவாயிற்று. செலவில்லாத தொலைக்காட்சியே கைப்பேசியைவிட மிகுதியான மக்களைச் சென்றடைந்தது. மூன்று நிமிடம் கேட்பவர் பேசக் கற்றுவிடுவார் என்பதற்கும் உறுதியில்லை. அவருக்கு மறுமொழி கூற ஒரு மனிதர் வேண்டும். அயல்நாட்டு நிதியில் வளரும் முயற்சி, நிதி நின்றபின் என்னவாகும் என்பதும் எழ வேண்டிய கேள்வியே.

எனினும் இது நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாகாது என்னும் விதி நம் கல்விக்கூடங்கள் பலவற்றில் உண்டு. தாய்மொழி, அயல்மொழிக்குக் குறுக்கே நிற்கும் சுவர் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. தாய்மொழிக்காக உயிர் கொடுத்தவர்களின் நாட்டில் அம்மொழியையே படியாக வைத்து ஆங்கிலம் கற்பித்தார்கள். அதனால் வங்காளம் சிறுமைப்படவில்லை. சுவர் இருந்தால்தானே அதில் ஜன்னல் வைக்க முடியும்? தாய்மொழியைச் சுவர் என்றே கொண்டாலும், அதை இடித்துவிட்டு எந்த ஜன்னலைப் பொருத்தப் போகிறோம்?