அலுமாரிக்குள் கிடக்கும் ஊர்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய வீடியோ கெசட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

போன தவணை விடுமுறையில் எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒரு பிஸ்கட் டின்னோடு வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய அம்மா. டின்னுக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக மூன்று கெசட், ஒரு பழைய கமரா. "சேர், இதுல எங்க ஐயா பேசுறாரு. அவரு போய் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. ஒருக்கா கேக்க ஏலுமா?" என்றார் அம்மா. ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாலு நாள் எடுத்தது. அந்த நாலு நாளில் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. நம் நாட்டில் ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கியது 1982இல். நம் தோட்டங்களில் பலருக்கு வீடியோ என்றால் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு வரும் 'டெக்'தான். லயத்து வாசலில் விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. சோனி நிறுவனம் கமராவையும் பதிவுக் கருவியையும் ஒன்றாக்கி 'பீட்டாமூவி' என்று வெளியிட்டது 1983இல். அது வந்தும் நம்மவர்கள் படத்தைப் பார்த்தார்களே தவிர, படம் பிடிக்கவில்லை. கல்யாண வீடியோக்காரர் மட்டும்தான் பிடித்தார்.

1995இல் டிஜிட்டல் வீடியோ, அதாவது 'டீ.வீ.' என்ற முறை வந்தது. அதற்கென்று வந்த சின்னக் கெசட்தான் 'மினி டீ.வீ.'. கால் அங்குல அகல நாடா, சாதாரண வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடும். 2000க்குப் பிறகு நம் நகரத்து ஸ்டூடியோக்களிலும், வெளிநாட்டில் வேலை செய்து வந்த சிலர் கையிலும் இந்தக் கமரா இருந்தது. நம் மக்கள் தங்களைத் தாங்களே படம் பிடித்தது அப்போதுதான்.

அந்தக் காலத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனவர்கள் மலையக மக்கள். 1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தத்தில் அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். இந்த அம்மாவின் ஐயா பேசியது அதற்கு அடுத்த வருடம், முதிய வயதில் தன் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு. இது நம் பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம். அது ஒரே ஒரு கெசட்டில் மட்டும் இருந்தது.

இப்போது நாலு நாள் கதைக்கு வருகிறேன்.

முதல் நாள். பற்றரி செத்துவிட்டது, அடப்டரில் போட்டோம். கமரா ஈரப்பதம் என்று எச்சரிக்கை காட்டி, ஓட மறுத்தது. பழுது என்று நினைத்துவிடாதீர்கள். குளிரில் கிடந்த கமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே பனி படியும். ஈரமான உருளையில் நாடா ஒட்டி அறுந்துவிடாமல் கமரா தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நுவரெலியா, ஹட்டன் குளிரில் இது சகஜம். கெசட்டை எடுத்துவிட்டு மூடியைத் திறந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விட்டோம். சரியாகிவிட்டது.

இரண்டாம் நாள். யூ.எஸ்.பி. வயரைக் குத்தினோம். கணினிக்கு மெமரி கார்டில் இருந்த நாலு போட்டோ மட்டும்தான் தெரிந்தது, கெசட் தெரியவில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. டீ.வீ. படம் ஒரு செக்கனுக்கு 25 மெகாபிட் வேகத்தில் ஓடும். அன்றைய யூ.எஸ்.பி.யின் உச்ச வேகமே 12தான். அதனால் கெசட்டை இறக்க 'ஃபயர்வயர்' என்ற வேறு வழியை வைத்தார்கள். அப்பிள் தொடங்கி, 1995இல் சர்வதேசத் தரமான முறை அது. சோனி அதையே 'ஐ-லிங்க்' என்றது. இன்றைய மடிக்கணினிகளில் அந்த வாய் கிடையாது.

மூன்றாம் நாள். மூடிக் கிடந்த ஒரு ஸ்டூடியோவிலிருந்து ஃபயர்வயர் கார்ட் உள்ள பழைய கணினி கிடைத்தது. கணினிப் பக்கம் ஆறு முள், கமராப் பக்கம் நாலு முள் உள்ள வயர் வேண்டும். கமராவைப் படம் பிடிக்கும் நிலையில் வைக்காமல், கெசட் ஓட்டும் நிலையில் வைக்க வேண்டும். இதற்கே எங்களுக்கு அரை நாள் போனது! படம் வந்தது. ஆனால் கட்டம் கட்டமாக உடைந்தது. ஹெட்டில் அழுக்கு. துப்புரவாக்கும் கெசட்டைச் சில செக்கன் மட்டும் ஓட்டினோம், தெளிந்தது. அதிக நேரம் ஓட்டினால் ஹெட் தேய்ந்துவிடும், கவனம்.

நாலாம் நாள்தான் சோதனை. ஐயா பேச ஆரம்பித்து ஏறத்தாழ 19 நிமிடத்தில் பதிவு நின்றது. திரும்பவும் போட்டோம், அதே இடத்தில் நின்றது. நாடா அறுந்த இடம் என்று அம்மா முகம் வாடிவிட்டது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன்: ஒரே ஒரு விடயத்தை மட்டும் மாற்றிப் பார். கெசட்டைப் பத்து நிமிடம் தள்ளி ஓட்டிப் பதிந்தோம். நின்ற இடத்தைத் தாண்டிப் போய், மறுபடி 19 நிமிடத்தில் நின்றது. அப்போ குற்றம் கெசட்டில் இல்லை. ஒரு மணித்தியாலப் படத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட் இடம் வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் 'ஃபாட் 32' முறையில் ஒரு கோப்பு நாலு ஜிகாபைட்டைத் தாண்டாது. கணக்கு சரியாக 19 நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். 'என்.டி.எஃப்.எஸ்.' முறைக்கு மாற்றிய டிஸ்க்கில் பதிந்தோம். மற்ற புரோகிராம்களையும் மூடிவிட்டோம், இல்லாவிட்டால் இடையிடையே படம் விடுபடும். முழுதும் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஐயா தன் தகப்பன் வந்த கதையைச் சொன்னார். கடதாசி இல்லாததால் கைவிட்டுப்போன வேலையைச் சொன்னார். அட்டையைக் கமராவுக்குக் கிட்டக் காட்டினார். இடையில் இரண்டு தரம் இருமினார். அம்மா அழுதது அந்த இருமலுக்குத்தான்.

அவருக்குப் பின்னால் தெரிந்தது சென்கிளேயர் நீர்வீழ்ச்சி, பால் மாதிரிக் கொட்டிக்கொண்டு. 2012 ஜூலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் தொடங்கியபின், வான்கதவு திறக்கும் மழை நாளில்தான் அந்தக் காட்சி. தலவாக்கலையில் அணைக்காக வீடு மாறிய குடும்பங்களின் பழைய வாசலும் இப்படி யாருடையவோ கெசட்டில் இருக்கும். 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீருக்குள் போன பழைய மஸ்கெலியாவைப் படம் பிடிக்க நம் கையில் கமரா இல்லை. தலவாக்கலைக்கு இருந்தது. இருந்ததையும் பூஞ்சணம் தின்ன விடலாமா?

ஆகவே உறவுகளே, மூன்று வேண்டுகோள். கெசட்டுகளை வீசாதீர்கள், ஈரமில்லாத டின்னில் நிமிர்த்தி வையுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், கமராவும் கெட்டுவிடும். இறக்கிய பின் இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், கெசட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணினி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். தேத்தண்ணி நான் தருகிறேன்.