அலுவலக வலையமைப்பில் பெயர்த் தேடல்: வரலாறும் பழுதுகளும்

வலையமைப்பில் உள்ள ஒரு கணினியின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியை அறியும் செயல் பெயர்த் தேடல் எனப்படும். டி.என்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் களப்பெயர் முறைமை இதைச் செய்கிறது. கம்பி, மின்சாரம், சர்வர் எல்லாம் சரியாக இருந்தும் பெயர் கிடைக்காவிட்டால் அலுவலகத்தில் வேலை நின்றுவிடும். இப்பழுதுகளில் பல, வெவ்வேறு காலத்தில் செய்யப்பட்ட ஏற்பாடுகள் ஒரே கணினிக்குள் இன்றும் தங்கியிருப்பதால் வருகின்றன.

ஒற்றைப் பட்டியல்

1970களில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பேணியது. புதிய கணினியைச் சேர்ப்பவர் அக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் புதிய கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியபோது இம்முறை தாங்கவில்லை.

அக்கோப்பின் வழித்தோன்றலான ஹோஸ்ட்ஸ் கோப்பு இன்றும் விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் உள்ளது. வழக்கமான அமைப்பில் டி.என்.எஸ். சர்வரைக் கேட்பதற்கு முன் கணினி இதைத்தான் பார்க்கிறது. எப்போதோ அவசரத்துக்கு எழுதி மறந்த ஒரு வரி, சர்வரின் முகவரி மாறிய பின்னும் பழைய முகவரியையே காட்டும்.

பொறுப்பைப் பகிர்தல்

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறைமையை முன்வைத்தார். ஒரே பட்டியலுக்குப் பதிலாக, ஒவ்வொரு பகுதியின் பெயர்களுக்கும் அப்பகுதியின் சர்வரே பொறுப்பு என்பது இதன் அடிப்படை. கிடைத்த விடையைக் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. அதனால் சர்வரின் சுமை குறைந்தது. முகவரி மாறினால் அக்காலம் முடியும்வரை பழைய விடையே சுற்றிவரும் என்ற சிக்கலும் உடன் வந்தது.

1996இல் 10, 192.168 போன்றவற்றில் தொடங்கும் எண்கள் அலுவலகங்களின் உள் பயன்பாட்டுக்கென வரையறுக்கப்பட்டன. 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000இன் ஆக்டிவ் டைரக்டரி, பயனர் உள்நுழைவுக்கே டி.என்.எஸ்.ஸைச் சார்ந்திருந்தது. உள் பெயர்களை உள் சர்வர் மட்டுமே அறியும். கணினியின் அமைப்பில் இரண்டாவதாக 8.8.8.8 போன்ற பொதுச் சர்வரைச் சேர்த்தால், கேள்வி அங்கே போகும் வேளையில் 'அப்படியொரு பெயர் இல்லை' என்றே விடை வரும். பழுது சில நேரம் தோன்றிச் சில நேரம் மறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விழுப்புரம், திண்டிவனம்

தேசிய தகவலியல் மையம் 1980களின் இறுதியில் மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியே இணைக்கத் தொடங்கியது. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. பின்னர் எல்காட் நிறுவனத்தின் வழியே அமைந்த மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பு, மாநிலத் தலைநகர், மாவட்டத் தலைநகர், வட்டம் என்ற படிநிலையில் அலுவலகங்களை இணைத்தது.

விழுப்புரத்தில் தலைமை அலுவலகமும் அங்கிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள திண்டிவனத்தில் கிளையும் கொண்ட ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய வழக்கப்படி உள் பெயர்களின் ஈற்றில் 'லோக்கல்' என்று வைத்திருக்கிறார்கள். 2013இல் அந்த ஈறு, பக்கத்துக் கணினிகளிடம் நேரடியாகக் கேட்கும் முறைக்கென ஒதுக்கப்பட்டது. அம்முறையைப் பின்பற்றும் கணினி திண்டிவனத்தில் கேட்கும் கேள்வி அக்கட்டடத்தைத் தாண்டாது. விழுப்புரத்துச் சர்வரை எட்டாது. இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க, 2024இல் ஐகான் அமைப்பு 'இன்டர்னல்' என்ற ஈற்றை உள் பயன்பாட்டுக்கென ஒதுக்கியது.

எழுத்துக்கூட்டலும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் விழுப்புரத்தை இரண்டு 'எல்' ஒரு 'பி' வைத்தும், ஒரு 'எல்' இரண்டு 'பி' வைத்தும் எழுதுகின்றனர். மாவட்ட நிர்வாகத்தின் இணைய முகவரியில் இருப்பது பின்னது. மனிதருக்கு இரண்டும் ஒரே ஊர். கணினிக்கு வெவ்வேறு பெயர்கள். இரண்டும் வேண்டுமெனில் ஒன்றை மற்றதன் மாற்றுப்பெயராகப் பதிய வேண்டும். 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய தமிழ்நாடு அரசு ஆணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தமிழ் எழுத்திலேயே முகவரி அமைக்கும் முயற்சியில், 2007இல் ஐகான் சோதித்த 11 மொழிகளில் தமிழும் ஒன்று. 2010இல் '.இலங்கை', 2011இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியவை நடைமுறைக்கு வந்தன.

பழுதறியும் வரிசை

முதலில் எண் முகவரியால் சர்வரை அடைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் பாதையில் குறையில்லை. அடுத்து ஹோஸ்ட்ஸ் கோப்பு, நினைவில் உள்ள பழைய விடை, கணினியில் குறிக்கப்பட்ட டி.என்.எஸ். சர்வர், பெயரின் ஈறு, எழுத்துக்கூட்டல் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்கலாம். 'என்எஸ்லுக்அப்' கட்டளை விடையோடு, விடை சொன்ன சர்வரின் பெயரையும் காட்டும். ஆனால் அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதில்லை. ஆகவே அது தரும் விடை சரியாக இருந்தும் உலாவி தவறான இடத்துக்குப் போனால், கணினிக்குள் இருக்கும் பழைய பட்டியலையே முதலில் திறந்து பார்க்க வேண்டும்.