ஐந்து விரல் கோழி

உங்கள் வீட்டுக் கோழியின் காலில் எத்தனை விரல்கள்? எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் நான்குதான் இருக்கும். இங்கிலாந்தின் டார்க்கிங் இனக் கோழிக்கோ ஐந்து!

ஐந்து விரல் கோழிகளே சிறந்தவை என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா எழுதினார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட மரபு விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை 1902ஆம் ஆண்டில் பேட்சன் என்ற ஆங்கில அறிஞர் கோழிகளைக் கொண்டு மெய்ப்பித்தார். அவர் ஆராய்ந்த பண்புகளுள் இந்தக் கூடுதல் விரலும் ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விரைந்து வளரும் கலப்பினங்கள் பண்ணைகளை நிறைத்தன, டார்க்கிங் அரிதாயிற்று. இன்று அதைக் காப்பவர்கள் பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் சில பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்ப்போரே. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் குஞ்சு பொரிப்பது குறையும். எனவே அவ்வப்போது வேற்றிடத்துச் சேவலைச் சேர்க்க வேண்டும்.

ஓர் இனம் அழிந்தால், பல தலைமுறைகள் சேர்த்த மரபுச் செல்வமும் அதனோடு அழியும் என்பதை மறவாதீர்கள்.