லீவு போட்டு வரும் இரணியன்

தஞ்சாவூர் மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தி அன்று 'பிரகலாத சரித்திரம்' தொடங்க இரவு ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். வரதராஜப் பெருமாள் கோயில் தெருவில் பந்தல். ஒரு கோடியில் மேடை. எதிர்க்கோடியில் மேடையைப் பார்த்தபடி லட்சுமி நரசிம்மர். நடுவில் ஜனங்கள். டிக்கெட் கிடையாது. ஆடுகிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. இரணியனும் அவன் மனைவி லீலாவதியும் வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறவர்கள். லீவு போட்டுவிட்டு வந்திருப்பார்கள். லீலாவதியும் ஆண்தான்.

பாகவத மேளா என்கிற இந்த நாடகம் பிறந்தபோது அதற்குப் பின்னால் நிலம் இருந்தது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றபின், தெலுங்கு பேசும் கலைஞர்களும் பண்டிதர்களும் காவிரிக்கரைக்கு வந்தார்கள். 1614 வரை தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் கிணறும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்தினார் என்பது மெலட்டூர் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. சாலியமங்கலம், சூலமங்கலம், ஊத்துக்காடு, தேப்பெருமாநல்லூர் என்று சுற்றுவட்டாரத்திலும் இந்த நாடகம் வேர்விட்டது.

ஆனால் மெலட்டூருக்கு மட்டும் ஒரு வெங்கடராம சாஸ்திரி வாய்த்தார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அவர், பிரகலாதன், அரிச்சந்திரன், மார்க்கண்டேயன், ருக்மாங்கதன், உஷை என்று பல கதைகளைத் தெலுங்கு நாட்டிய நாடகங்களாக எழுதினார். பக்கத்துத் திருவையாற்றில் தியாகராஜரும் பிரகலாதனை வைத்து ஓர் இசை நாடகம் எழுதியிருக்கிறார். ஆனால் ஆண்டு தவறாமல் ஆடுவதற்கென்று ஓர் ஊரே காத்திருந்தது சாஸ்திரியின் பிரகலாதனுக்குத்தான்.

அந்த இரவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கூம்புத் தொப்பியோடு கோணங்கி வந்து குதித்தாடிச் சபையை அடக்குவான். பிறகு தோடய மங்களம் என்ற தொடக்கத் துதி. அடுத்து யானைமுக முகமூடியோடு பிள்ளையாராக ஊர்ப் பையன் ஒருவன் வருவான். அப்புறம் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று ஆடி, அவரவருக்குரிய பிரவேச தரு என்ற நுழைவுப் பாட்டோடு வெளிப்பட வேண்டும். வந்தவர் வாய்ப்பாட்டும் பாட வேண்டும், வசனமும் பேச வேண்டும், ஜதிக்கு அடவும் வைக்க வேண்டும்.

எல்லோரும் காத்திருப்பது விடியற்காலை நரசிம்மத்துக்காக. அந்த முகமூடி நாடகச் சாமானோடு சேர்ந்ததில்லை. கோயிலில் பூஜையில் இருப்பது. அதை அணிகிறவர் அன்று விரதம். முகத்தில் ஏறியதும் அவருக்கு ஆவேசம் வந்துவிடும் என்பதால், பிடித்து நிறுத்த ஆட்கள் தயாராக இருப்பார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் அந்த நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதுவரை நடந்தது நாடகம், இனி வருவது சாமி.

இங்கிலீஷ் படிப்பு வந்தபின் அக்ரகாரத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் உத்தியோகம் தேடிப் போனார்கள். நிலம் கைமாறியது, தெரு வெறிச்சோடியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரதம் நடேச ஐயர் இந்த ஆட்டத்தைக் கட்டிக் காத்தார். அவருக்குப் பிறகு அது தொய்ந்துபோனது. மறுபடி தலையெடுக்க உள்ளூர்க்காரர்களோடு தோள் கொடுத்தவர், பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆட்டத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர். மெலட்டூர் நாடகங்கள் பட்டணத்துக்கும் போயின. நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி, தாம் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் 1959இல் உஷா பரிணயத்தையும், பின்னர் ருக்மாங்கத சரித்திரத்தையும் மேடையேற்றினார். அங்கே பெண் வேடத்தைப் பெண்களே ஆடினார்கள். ஊரிலோ பழைய வழக்கம்தான், மெலட்டூர் எஸ். நடராஜன் லீலாவதிக்கும் அரிச்சந்திரன் மனைவி சந்திரமதிக்கும் பேர்போனவரானது அப்படித்தான்.

வெளியூர் போன பிள்ளைகளால் ஊர் இழந்தது நிறைய. நாடகம் இன்று நடப்பதும் அதே பிள்ளைகளால்தான். பந்தலுக்கும் மின்விளக்குக்கும் அவர்கள் நன்கொடை அனுப்புகிறார்கள். விழா நாட்களில் தாங்களே வந்து வேடம் கட்டுகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி இருப்பதால், இரவு முழுவதும் ஓடும் ஆட்டத்தை ரசிகர் பொறுமைக்கேற்ப இரண்டு மணி நேரமாக வெட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. காசுக்கு ஆடியிருந்தால் என்றோ வெட்டியிருப்பார்கள்.

இதற்கு விலையும் இருக்கிறது. ஊரில் இப்போது இரண்டு குழுக்கள், தனித்தனி விழாக்கள், இரண்டுக்கும் ஆள் வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்து ஒப்பேற்றும் வேலை இல்லை இது. தெலுங்குப் பாடத்தை நெட்டுருப் போட்டு, சங்கீதமும் அடவும் பழகி, மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டச் சம்மதிக்கும் பையன் கிடைத்தால்தான் அடுத்த லீலாவதி. பழகி முடிப்பதற்குள் அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிடலாம். நாயக்கர் நிலத்தை ஒரு தடவை கொடுத்தார். அது சில தலைமுறைக்குச் சோறு போட்டது. லீவை அப்படி ஒரே தடவையில் எழுதிவைக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொருவரும் கேட்டு வாங்கி வர வேண்டியிருக்கிறது.