எர்ரர் 127-க்கு ஓர் உரை

புதிதாக உபுண்டு போட்ட கணினி. ஜிசிசி இருக்கிறது, மேக் இருக்கிறது. ஜிடிபி என்னும் பிழைதேடும் கருவியின் மூலநிரலை கிட் களஞ்சியத்திலிருந்து இறக்கி, கான்ஃபிகர் ஓட்டி, மேக் கொடுத்தாயிற்று. திரை நிறைய வரிகள் ஓடுகின்றன. திடீரென்று எல்லாம் நிற்கிறது. நின்ற இடத்தில் கிடைப்பது கீழே உள்ள வாசகம். திரையில் ஆங்கில எழுத்தில் வருவதை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நடுவே உள்ள நீண்ட பகுதியை மட்டும் தமிழில் பொருள்படத் தருகிறேன். வரி எண்ணும் இலக்குகளின் பெயரும் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

மிஸ்ஸிங்: லைன் 81: மேக்இன்ஃபோ: கமாண்ட் நாட் ஃபவுண்ட்
வார்னிங்: 'மேக்இன்ஃபோ' ஈஸ் மிஸ்ஸிங் ஆன் யுவர் சிஸ்டம்.
'.டெக்ஸி' கோப்பையோ, கையேட்டை மறைமுகமாகப் பாதிக்கும் வேறொரு கோப்பையோ நீங்கள் திருத்தியிருந்தால் மட்டுமே இது தேவைப்படும். டெக்ஸ்இன்ஃபோ பேக்கேஜை நிறுவிப் பார்க்கலாம். பழுதுள்ள மேக் (ஏஐஎக்ஸ், டியு, ஐரிக்ஸ்) காரணமாகவும் இந்த வேண்டாத அழைப்பு வந்திருக்கலாம். அப்படியானால் குனு மேக்கை நிறுவலாம்.
மேக்[3]: *** [மேக்ஃபைல்:503: பிஎஃப்டி.இன்ஃபோ] எர்ரர் 127
மேக்[2]: *** [மேக்ஃபைல்:1624: இன்ஃபோ-ரிகர்சிவ்] எர்ரர் 1
மேக்[1]: *** [மேக்ஃபைல்:2750: ஆல்-பிஎஃப்டி] எர்ரர் 2
மேக்: *** [மேக்ஃபைல்:860: ஆல்] எர்ரர் 2

பார்க்க ஒரே ஆள் புலம்புவது போலத் தெரிந்தாலும் இதில் பேசுகிறவர்கள் பலர். ஷெல் ஒரு வரி பேசுகிறது; ஒரு ஸ்கிரிப்ட் ஒரு பத்தி பேசுகிறது; பிறகு மேக் நான்கு முறை பேசுகிறது. இவர்களில் கண்ணால் கண்ட சாட்சி முதல் வரிக்காரர் மட்டுமே. மற்றவர்கள் அவர் சொன்னதைக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்கிறவர்கள். ஆனால் திரையில் கடைசியாக நிற்பது 'எர்ரர் 2' என்பதால், முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பிடித்துக்கொண்டு தேடப் போகிறார்கள். எர்ரர் 2 என்று தேடினால் உலகத்தில் மேக் தோற்ற அத்தனை கதையும் வரும். நம் கதை மட்டும் வராது.

'மிஸ்ஸிங்:' என்றது, ஏதோ காணவில்லை என்ற அறிவிப்பு அல்ல. ஒரு கோப்பின் பெயர். ஷெல் பிழை சொல்லும்போது, எந்த ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருந்ததோ அதன் பெயரை முதலில் வைக்கும். ஆட்டோமேக் கருவியோடு வரும் 'மிஸ்ஸிங்' என்ற சிறு ஸ்கிரிப்ட் இது. பிரான்சுவா பினார் 1996-இல் எழுதியது என்று அதன் தலைப்பிலேயே குறித்திருக்கும். கான்ஃபிகர் ஓடியபோது மேக்இன்ஃபோவைத் தேடி, கிடைக்காமல், 'செக்கிங் ஃபார் மேக்இன்ஃபோ... நோ' என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போயிருக்கும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை யாரும் பார்ப்பதில்லை. அப்படிப் போகும்போது, 'மேக்இன்ஃபோ தேவைப்பட்டால் மிஸ்ஸிங் வழியாகக் கூப்பிடு' என்று மேக்ஃபைலில் எழுதியும் வைத்துவிடும். ஆகவே குறை கான்ஃபிகர் நேரத்திலேயே தெரிந்ததுதான். வெடிப்பதைத் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவே. கையேடு தேவைப்படாதவனை ஏன் வாசலிலேயே மறிக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்.

'லைன் 81:' அந்த ஸ்கிரிப்டின் 81-ஆம் வரி. அங்கே இருப்பது, தன்னிடம் கொடுத்த கட்டளையை அப்படியே ஓட்டிப் பார்க்கும் செயல். இந்தப் பகுதி எழுதப்படும் விதத்திலிருந்து எந்த ஷெல் பேசுகிறது என்றும் கண்டுகொள்ளலாம். 'லைன்' என்று சொல்லி எண் தருவது பாஷ். வெறும் எண்ணைப் போட்டு, 'கமாண்ட்' என்ற சொல்லும் இல்லாமல் 'நாட் ஃபவுண்ட்' என்று மட்டும் முடிப்பது டாஷ். உபுண்டுவில் 2006 முதல் /பின்/எஸ்ஹெச் என்பது டாஷ்தான்; ஆனால் 'லைன்' என்ற சொல் இருப்பதால், நம் வாசகத்தில் மிஸ்ஸிங்கை ஓட்டியது பாஷ். இசட்-ஷெல் வரிசையை மாற்றி, 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்பதை முன்னே வைத்துக் கட்டளையின் பெயரைப் பின்னே சொல்லும். மூன்றுக்கும் பொருள் ஒன்றே.

'மேக்இன்ஃபோ:' இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். ஷெல் எதைக் கட்டளை என்று நம்பியதோ அது இங்கே வரும். நம் வாசகத்தில் அது உண்மையான ஒரு நிரல்: குனு மென்பொருள்களின் கையேடுகள் டெக்ஸ்இன்ஃபோ வடிவில் எழுதப்படுகின்றன; அவற்றை இன்ஃபோ கோப்பாக மாற்றுவது மேக்இன்ஃபோ. நெடுங்காலம் சி மொழியில் இருந்த இதை 2013-இல் வந்த 5.0 பதிப்பில் பெர்ல் மொழியில் புதிதாக எழுதினார்கள். ஆனால் இந்த இடத்தில் எப்போதும் ஒரு நிரலின் பெயர்தான் வரும் என்று நம்பிவிடக் கூடாது.

கான்ஃபிகர் ஓடும்போதே 'பிகேஜி_ப்ராக்_பிகேஜி_கான்ஃபிக்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரில் எந்த நிரலும் கிடையாது. எந்த பேக்கேஜைத் தேடினாலும் கிடைக்காது. அது ஒரு எம்4 மேக்ரோ. கான்ஃபிகரை உருவாக்கிய நேரத்தில் விரிவடைந்து வேறு வரிகளாக மாறியிருக்க வேண்டியது, அதன் வரையறை அகப்படாததால் அப்படியே ஸ்கிரிப்டில் தங்கிவிட்டது. ஷெல் அதைக் கட்டளை என்று எண்ணி ஓட்டப் பார்க்கிறது. பிகேஜி-கான்ஃபிக் பேக்கேஜை நிறுவியபின், ஆட்டோரீகான்ஃப் ஓட்டி கான்ஃபிகரையே மறுபடி பிறப்பிக்க வேண்டும். நிறுவிவிட்டுப் பழைய கான்ஃபிகரையே ஓட்டினால் அதே பிழை வரும். நிறுவியது வீண் என்று தோன்றும்.

அந்த இடத்தில் '-சி' என்றோ '-ஓ' என்றோ ஒரு கோட்டில் தொடங்கும் துண்டு வந்தால், முன்னே இருக்க வேண்டிய பெயர் காலி என்று அர்த்தம். மேக்ஃபைலில் கம்பைலரின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி வெறுமையாகிவிட்டது. அதற்கு அடுத்து நின்ற விருப்பக்குறி கட்டளையின் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. 'சிஃப்ளாக்ஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால், சமக்குறிக்கு இருபுறமும் யாரோ அழகுக்காக இடம் விட்டிருக்கிறார்கள். மேக்ஃபைலில் அப்படி எழுதலாம், ஷெல்லில் கூடாது. டாலர் குறியும் மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் 'ஆர்' எழுத்தும் வந்தால், கோப்பு விண்டோஸ் வழியாக வந்தது. வரிமுடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைத்தான் ஷெல் கட்டளை என்று நினைக்கிறது. டாஸ்2யூனிக்ஸ் ஓட்டினால் போய்விடும். இந்த நான்குக்கும் புது பேக்கேஜ் நிறுவுவது மட்டும் மருந்து ஆகாது.

'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றது, கணினி முழுக்கத் தேடிக் கிடைக்கவில்லை என்பதல்ல. ஷெல் அவ்வளவு உழைக்காது. பாத் என்ற சூழல் மாறியில் முக்காற்புள்ளி இட்டுப் பிரித்த டைரக்டரிகளின் வரிசை இருக்கிறது. இடமிருந்து வலமாக அவற்றில் மட்டும் பார்க்கும். அங்கே இல்லையென்றால் இல்லை. நீங்கள் நிற்கும் டைரக்டரி கூட அந்த வரிசையில் வழக்கமாக இராது. அதனால்தான் கான்ஃபிகருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் போடுகிறோம். பெயரில் சாய்கோடு வந்துவிட்டால் ஷெல் தேடவே தேடாது, நேரே அந்த இடத்துக்குப் போகும். அப்போது பாஷில் கிடைக்கும் குறை 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வேறு உருவில் வரும்.

இதிலிருந்து கேள்வி இரண்டாகப் பிரிகிறது: நிரல் கணினியிலேயே இல்லையா, அல்லது பாத்துக்கு வெளியே இருக்கிறதா? இரண்டாவது வகை ஆட்களை அதிகம் அலைக்கழிக்கிறது. சாதாரணப் பயனராக மேக் முடிந்து, 'சுடோ மேக் இன்ஸ்டால்' கொடுத்ததும் 'கார்கோ: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வருவது இதற்கு நல்ல உதாரணம். ரஸ்ட் மொழியின் கருவியான கார்கோ உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் இருக்கிறது, அந்த இடம் உங்கள் பாத்தில் இருக்கிறது; சுடோ பல கணினிகளில் செக்யூர்_பாத் என்ற தனக்கென விதித்த பாதையையே பயன்படுத்துகிறது. டெபியன் 10 முதல், வெறும் 'எஸ்யு' கொடுத்து ரூட் ஆனவர்களுக்கு எல்டிகான்ஃபிக் கிடைக்காமல் போனதும் இதே சாதி: பழைய பயனரின் பாத் அப்படியே தொடர்வதால், எல்டிகான்ஃபிக் இருக்கும் /எஸ்பின் அதில் இல்லை. 'எஸ்யு' என்பதற்குப் பின் ஓர் இடம் விட்டு ஒரு கோடு சேர்த்தால் தீர்ந்தது.

'வார்னிங்' என்று தொடங்கும் பத்தி மிஸ்ஸிங் ஸ்கிரிப்டின் சொந்தக் குரல். ஓட்டிய கட்டளை 127 என்று திரும்பினால் 'உங்கள் கணினியில் இல்லை' என்றும், 63 என்று திரும்பினால் 'பழையதாக இருக்கக்கூடும்' என்றும் சொல்லும்படி எழுதியிருக்கிறார்கள். மற்ற எண் எதுவானாலும் அறிவுரை இல்லாமல் அப்படியே விட்டுவிடும். நல்ல வேலைப்பாடு.

'திருத்தியிருந்தால் மட்டுமே' என்பதுதான் இன்று வாசகனைத் தவறான வழியில் அனுப்பும் தொடர். 'நான் எதையும் திருத்தவில்லையே' என்று குழம்புவார்கள். இந்த வாசகம் டார்பால் காலத்தது. டார்பால் என்னும் வெளியீட்டுப் பொட்டலத்தில் இன்ஃபோ கோப்புகளை முன்கூட்டியே செய்து வைத்துத் தருவது குனு வழக்கம்; .டெக்ஸி கோப்பைத் தொட்டால்தான் மேக் அதை மறுபடி செய்யப் போகும். கிட் களஞ்சியத்தில் அந்தக் கோப்புகள் இருப்பதில்லை; ஆகவே எதையும் தொடாதவனுக்கும் மேக்இன்ஃபோ வேண்டும். போதாததற்கு, கோப்புகளின் பழைய தேதியை கிட் காப்பாற்றுவதில்லை. கான்ஃபிகர் கோப்பையும் களஞ்சியத்தில் சேர்த்து வைத்திருக்கும் மென்பொருள்களில், மூலக் கோப்பு அதைவிடப் புதிதாகத் தோன்றிவிடுகிறது. மேக் அதை மறுபடி உருவாக்கக் கிளம்பி, 'ஏசிலோக்கல்-1.15 இல்லை' என்று பதிப்பு எண்ணோடு புகார் சொல்லும். அந்தக் குறிப்பிட்ட பதிப்பைத் தேடி அலையாமல், இருக்கும் ஆட்டோமேக்கைக் கொண்டு ஆட்டோரீகான்ஃப் ஓட்டுவதே பெரும்பாலும் போதும்.

'ஏஐஎக்ஸ், டியு, ஐரிக்ஸ்': ஐபிஎம், டிஜிட்டல், சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனங்களின் யூனிக்ஸ்கள். முதலாவது மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. லினக்ஸில் இருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம். உங்களிடம் இருப்பது குனு மேக்தான்.

'எர்ரர் 127' என்பது ஷெல்லின் தீர்ப்பு எண். கட்டளை கிடைக்காவிட்டால் 127, கிடைத்தும் ஓட்ட அனுமதி இல்லாவிட்டால் 126 என்பது போசிக்ஸ் விதி. எனவே மேக் வெளியீட்டில் 127-ஐக் கண்டால், அதற்குச் சற்று மேலே 'நாட் ஃபவுண்ட்' இருக்கிறது என்று துணிந்து தேடலாம். பகர அடைப்புக்குள் இருக்கும் 3, 2, 1 ஆகியவை மேக்குக்குள் மேக் எத்தனை ஆழம் என்பதைக் காட்டுவன. மிக ஆழத்தில் இருக்கும் மேக்[3], 127-ஐ நேரில் பார்த்தது. அதற்கு ஒரு படி வெளியே, பல டைரக்டரிகளைச் சுற்றிவரும் ஷெல் கண்ணி, ஏதோ ஒன்று தோற்றது என்று 1 திருப்பியது. தோற்ற மேக் எப்போதும் 2 திருப்பும் என்பதால் வெளியே வர வர எல்லாம் 2. இப்படியாக உண்மையான எண் மூன்று வரிகளுக்குள் தொலைந்துபோகிறது. '-ஜே8' போட்டு இணையாக ஓட்டியிருந்தால் இன்னும் மோசம். மற்ற வேலைகளின் வரிகள் இடையே புகுந்துவிடும். அப்போது ஒற்றை வேலையாக மேக்கை மறுபடி ஓட்டினால் பிழை கடைசியில் சேர்ந்தாற்போல் நிற்கும்.

மருந்து எளிது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாவற்றிலும் பேக்கேஜின் பெயர் டெக்ஸ்இன்ஃபோ. நிறுவியபின் கான்ஃபிகரை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. மிஸ்ஸிங் ஸ்கிரிப்ட் கட்டளையை முதலில் ஓட்டித்தான் பார்க்கிறது, இந்தத் தடவை அது கிடைத்துவிடும். கையேடே வேண்டாம் என்பவர்கள், பெரிய எழுத்தில் எழுதும் மேக்இன்ஃபோ என்ற மாறிக்கு 'ட்ரூ' என்று மதிப்புக் கொடுத்து மேக் ஓட்டலாம். எதுவும் செய்யாமல் வெற்றி என்று மட்டும் சொல்லித் திரும்பும் கட்டளை அது. இந்தத் தந்திரம் கையேட்டோடு நிற்கட்டும். அடுத்து பைசன் இல்லை, ஃபிளெக்ஸ் இல்லை என்று வரும்போது அதையே செய்தால், அவை எழுத வேண்டிய சி கோப்புகள் பிறக்காமல் வேறொரு இடத்தில் இன்னும் புரியாத பிழையாக முளைக்கும்.

கட்டளையின் பெயரும் பேக்கேஜின் பெயரும் ஒன்றாக இராதபோதுதான் திண்டாட்டம்: எம்எஸ்ஜிஎஃப்எம்டி இருப்பது கெட்டெக்ஸ்ட் பேக்கேஜில், ஏசிலோக்கல் இருப்பது ஆட்டோமேக்கில். உபுண்டுவில் ஒரு வசதி உண்டு. காணாமற்போன பெயரை டெர்மினலில் தனியாகத் தட்டி என்டர் கொடுங்கள். எந்த பேக்கேஜை நிறுவ வேண்டும் என்று அதுவே சொல்லும். மேக்குக்குள் ஓடும் ஷெல்லுக்கு அந்தச் சலுகை இல்லாததால்தான் அங்கே வெறும் மறுப்பு மட்டும் வருகிறது. ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்', ஆர்ச்சில் 'பேக்மேன் -எஃப்' இதே வேலையைச் செய்யும். ஒவ்வொன்றாகத் தடுக்கி விழ மனமில்லாதவர்கள், மூலப் பேக்கேஜ்களின் பட்டியலை இயக்கிவிட்டு 'ஆப்ட் பில்ட்-டெப் ஜிடிபி' கொடுத்தால் தேவையானதெல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும்.

இதன் பிறகும் நகரவில்லை, யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும் என்றால், கடைசி வரியைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். மேலே ஏறிப் போய் முதல் 'நாட் ஃபவுண்ட்' வரியையும், அதற்கு முந்தைய பத்து வரிகளையும், உங்கள் பாத் என்ன என்பதையும் எழுத்தாகவே நகலெடுத்து அனுப்புங்கள்.