பட்டாளத்துக்குப் போனவனின் பாதிச் சம்பளம்

லண்டனில் பிள்ளை வளர்க்கிற எங்கட ஆக்களுக்கு சைல்ட் பெனிபிட் தெரியும். அது ஏன் பெரும்பாலும் தாயின் கணக்கில் விழுகிறது என்று தேடப்போய், 1914இல் சண்டைக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாயின் சம்பளக் கணக்கில் வந்து நின்றேன். (பாதியில் நின்றுபோன பல்கலைக்கழகப் படிப்பில் எனக்கு மிஞ்சினது இந்தத் தேடற் பழக்கம் மட்டும்தான்.) ஆமி என்றாலே எங்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வாசியுங்கோ.

அப்போது சாதாரண சிப்பாய்க்கு நாளுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம். 20 ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண். கலியாணம் கட்டவும் மேலதிகாரியின் அனுமதி வேணும். அனுமதியில்லாமல் கட்டினவனின் மனைவியை இராணுவம் கணக்கிலேயே எடுக்காது. அவன் கப்பலேறினால் அவளுக்குத் தர்மக் காசுதான். 1914 ஆகஸ்டில் யுத்தம் தொடங்க, குடும்பக்காரரும் பட்டாளத்துக்குத் தேவைப்பட்டார்கள். வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் யார் போவான்? சிப்பாய்களின் மனைவிமார் எல்லாருக்கும் பிரிவுப்படி கிடைக்கும் என்று பிரதமர் அஸ்குவித் அறிவித்தார்.

கணக்கு இதுதான். கிழமைச் சம்பளம் 7 ஷில்லிங்கில் பாதியைச் சிப்பாய் மனைவி பெயருக்கு எழுதிக் கொடுக்கவேணும். அரசாங்கம் 9 ஷில்லிங் போடும். பிள்ளையில்லாத மனைவிக்கு மொத்தம் பன்னிரண்டரை. பிள்ளைகள் இருந்தால் இன்னும் கூட. அதற்குக் கலியாணப் பதிவு, பிறப்புப் பதிவு எல்லாம் காட்டவேணும். கலியாணம் கட்டாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணையும், அவன்தான் பராமரித்தவன் என்று தெரிந்தால், கைவிடவில்லை. 1914இல் இது சின்ன விசயமில்லை.

மரணசாசனமும் உண்டு. சிப்பாயின் சம்பளப் புத்தகத்திலேயே அதற்கென்று ஒரு பக்கம். சாதாரண ஆளின் சாசனத்துக்கு இரண்டு சாட்சி வேணும். யுத்தத்துக்குப் போகிறவனுக்கு அது தேவையில்லை, அவன் எழுதினதே போதும்.

எங்கட கதையையும் நினைத்துப் பார்க்கிறேன். 80களிலும் 90களிலும் ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிக்கிட்டவர்களில் எத்தனைபேர் கடன் விபரத்தையாவது மனைவிக்கு எழுதி வைத்துவிட்டு வந்தோம்? உண்டியலில் அனுப்பின காசும் பல வீடுகளில் தகப்பன், தமையன் பெயருக்குத்தான் போனது. மனைவி கேட்டு வாங்கவேணும். வெள்ளைக்காரச் சிப்பாயின் மனைவி தபாற்கந்தோரில் தன் பெயரைச் சொல்லி எடுத்தாள்.

அவளுக்கும் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. முதல் மாதங்களில் காசு வரப் பிந்தியது. பிறகு, குடிக்கினம், கெட்டுப்போயினம் என்ற கதை கிளம்பி, மனைவிமாரின் நடத்தையைக் கவனிக்கச் சொல்லி 1914 ஒக்டோபரிலேயே பொலிசுக்கு அறிவுறுத்தல் போனது. நடத்தை சரியில்லை என்றால் படி நிற்கும். புருசன் உயிரைப் பணயம் வைத்து உழைத்த காசுக்கு இவர்கள் என்ன காவல்?

லிவர்பூலில் இந்தக் குடும்பங்களுக்குத் தொண்டு செய்தவர் எலினோர் ராத்போன். ஒவ்வொரு கிழமையும் நிச்சயமாக வருகிற காசு தாயின் கையில் இருந்தால் பிள்ளைகளின் நிலைமை எப்படி மாறும் என்பதை அவர் அங்கே நேரில் கண்டார். 1924இல் அதை வைத்து ஒரு புத்தகம் எழுதினார், 1929இல் பாராளுமன்றத்துக்கும் போனார். 1945இல் குடும்பப்படிச் சட்டம் வந்தபோது காசைத் தகப்பனுக்குக் கொடுப்பதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் சட்டத்தையே எதிர்ப்பேன் என்று ராத்போன் நின்றார். மாற்றினார்கள்.

இரண்டாவது பிள்ளையிலிருந்து கிழமைக்கு 5 ஷில்லிங், 1946 ஆகஸ்டில் தொடங்கியது. அவர் அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். முதற் பிள்ளையையும் சேர்த்துக் கொடுக்கிற சைல்ட் பெனிபிட் 1977இல்தான் வந்தது.