மகன் தேய்ந்து மான் ஆன கதை

இலங்கையின் நாவுலயில் அரச அலுவலகப் படிவம் ஒன்றை நிரப்பும்போது, சிங்கள அயலவர் 'முதியன்சேலாகே' என்பது போன்ற வாசகமவை, அதாவது குடிவழிப் பெயரை, முதலில் எழுதி, பிறகுதான் தம் பெயரை எழுதுவார். அந்தக் 'கே' வீட்டைக் குறித்த சொல். இன்னார் வீட்டுப் பிள்ளை என்பது கருத்து. பக்கத்தில் நிற்கும் தமிழர் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திவிடுவார். 'மகன்' என்ற சொல் அதில் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. சேரமான், அதியமான், மலையமான் என்ற பெயர்களின் ஈற்றைக் கவனியுங்கள். சேரர் மகன், அதியர் மகன், மலையர் மகன். அகப்பை ஆப்பை ஆனது போல நடுவிலுள்ள ககரம் கரைந்து, மகன் 'மான்' ஆனான். பெருமகன் பெருமான் ஆனதும் இப்படியே. இது வெறும் ஊகமன்று. அசோகரின் கல்வெட்டு தெற்கத்தி அரசரைக் 'கேரளபுத்திரர்', 'சதியபுத்திரர்' என்ற பொருள்படக் குறிக்கிறது. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டோ, சதியபுதோ என்ற பட்டத்தையும் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது. வடக்கே புத்திரன் என்றதைத்தான் நாம் மான் என்றோம். எனக்கு இதைவிட அழகான சான்று வேறில்லை.

வட ஐரோப்பாவிலும் இதே தேய்வு. டேனிஷ் மொழியில் மகனுக்குச் சொல் 'சோன்'. பெயரின் கடைசியில் அழுத்தம் இழந்து அது 'சென்' ஆயிற்று. ஹான்ஸின் மகன் ஹான்சென், மகள் ஹான்ஸ்டாத்தர். பீட்டர் ஹான்சென்னின் மகன் பீட்டர்சென். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது, நம் முதலெழுத்து மாறுவதுபோல. டென்மார்க்கில் 1828ஆம் ஆண்டு ஆணையும் நோர்வேயில் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அதைக் குடும்பப் பெயராக நிறுத்தின. அன்றிலிருந்து, தகப்பன் பெயர் எதுவானாலும் பிள்ளை ஹான்சென்தான். ஐஸ்லாந்து மட்டும் பழைய வழக்கை இன்றும் விடவில்லை.

நோர்வேக்குப் போன நம்மவர் வீடுகளில் இப்போது அதுவே நடக்கிறது. தகப்பனின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகி, பேரப்பிள்ளை வரை மாறாமல் இறங்குகிறது. அங்கே பிள்ளை வளர்ப்பவர்களே, படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பது வம்சப் பட்டமன்று, உங்கள் அப்பாவின் பெயர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.